நெற்றிப்பட்டமும் சங்கிலியும்



நறுவிலிக்குளத்தில் பிறந்து வளர்ந்த நான் மலையாளத்து யானைகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் சிறுவயதில், இரவு வேளைகளில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினால் அக்கரை நிலையங்கள் எங்கள் வீட்டில் தெளிவாகக் கேட்கும். ஒருநாள் மலையாள நிலையம் ஒன்றில் செண்டை மேளம் முழங்கியது. இடையிடையே அறிவிப்பாளர் சில பெயர்களை உணர்ச்சி பொங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மேளம் வாசிக்கும் வித்துவான்களின் பெயர்கள் என்றே நான் எண்ணினேன். மறுநாள், மலையாளம் அறிந்த எங்கள் ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுகள் ஆனையளின்ரை பேர் தம்பி!"

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஏனெனில் எங்கள் பக்கத்தில் யானைக்குப் பெயரே கிடையாது. மடுத் திருவிழாவுக்கு வண்டில் கட்டிக்கொண்டு காட்டுப் பாதையால் போகும்போது, 'ஆனை' என்ற சொல்லையே அம்மம்மா உச்சரிக்க விடமாட்டார். 'பெரியது' என்றுதான் சொல்லவேண்டும். பெயரைச் சொன்னால் முன்னே வந்து நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு. அங்கே பெயர் சொல்லிக் கொண்டாடும் உறவு. இங்கே பெயர் சொல்லவே அஞ்சும் உறவு. இந்த வேறுபாடு என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

மலையாள நாடு பழைய சேர நாடு. 'யானைக்கட்சேய்' என்ற அடைமொழியோடு சேர மன்னன் ஒருவனைச் சங்க இலக்கியம் நமக்கு அறிமுகம் செய்கிறது. யானையின் கண்ணை மன்னனுக்கு உவமையாக்கிய மண் அது. அரசர்களின் போர்க்களத்தில் நின்ற யானை பின்னாளில் ஆலய முற்றத்துக்கு வந்தது. இன்று கேரளக் கோயில் விழாவில், மூலவரின் பிரதிமையாகிய திடம்பைச் சுமப்பது யானைதான். திடம்பு ஏறியதும் அது வெறும் விலங்கன்று, நடமாடும் கருவறை. பொன் மின்னும் நெற்றிப்பட்டமும், மயிற்பீலி ஆலவட்டமும், வெண்சாமரமும் அந்த மரியாதையின் அடையாளங்களே.

நமது சித்திரையை ஒட்டி வரும் மேட மாதத்தில் திருச்சூர்ப் பூரம் நடைபெறுகிறது. 1790 முதல் 1805 வரை கொச்சியை ஆண்ட சக்தன் தம்புரான் இன்றைய வடிவில் அமைத்த விழா அது. பாறமேக்காவு, திருவம்பாடி என்னும் இரு கோயில்களும் பக்கத்துக்கு 15 யானைகளாக எதிரெதிரே அணிவகுக்க, அவற்றின் மேல் வண்ணக் குடைகள் மாறிமாறி விரியும். அதே ஊரின் வடக்குநாதர் கோயிலில், நமது ஆடிப் பிறப்பை ஒட்டிவரும் கர்க்கடக முதலாம் நாளில், யானைகளை வரிசையாக நிறுத்தி ஊட்டிவிடுவார்கள். அதற்கு 'ஆனையூட்டு' என்று பெயர். இது சைவ, வைணவக் கோயில்களோடு நின்றுவிடவில்லை. தேவாலயப் பெருநாள்களிலும், பள்ளிவாசல் நேர்ச்சைகளிலும் கூட யானை வந்து நிற்கிறது.

குருவாயூரில் ஒரு கதை வழங்குகிறது. ஒரு காலத்தில் அக்கோயிலுக்குச் சொந்தமாக யானை இல்லை. திருவிழாவுக்குத் திருக்கணாமதிலகம் கோயிலில் இரவல் வாங்குவார்கள். ஒரு வருடம் அவர்கள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அன்று யானைகள் தாமாகவே கட்டறுத்துக் குருவாயூருக்கு ஓடிவந்தனவாம். அதன் நினைவாக இன்றும் அங்கே ஆனையோட்டம் நடக்கிறது.

அந்தக் கோயிலுக்கு நிலம்பூர் அரச குடும்பம் 1922இல் நேர்ந்துவிட்ட யானைதான் குருவாயூர் கேசவன். 1976 டிசம்பர் 2ஆம் நாள், ஏகாதசியன்று அது இறந்தது. கேரளமே துக்கம் காத்தது. கண்டிப் பெரகராவில் தாதுப் பேழையைச் சுமந்த ராஜா 1988இல் இறந்தபோது இலங்கை கலங்கியதை அறிந்தவர்களுக்கு அத் துயரம் விளங்கும்.

இத்தனை அன்புக்கும் நடுவே காலில் ஒரு சங்கிலி கிடக்கிறது. அதை முதலில் கண்டு சொன்னவர்களில் மலையாள எழுத்தாளர்களும் உளர் என்பதே நான் இன்று வலியுறுத்த விரும்பும் செய்தி.

1909 முதல் தொகுதிகளாக வெளிவந்த 'ஐதிகமாலை'யில் கொட்டாரத்தில் சங்குண்ணி யானைகளின் வரலாறுகளைப் பெரியோர் வரலாறு போல் எழுதிவைத்தார். அது வணக்கத்தின் குரல். வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனன் 'சஹ்யன்றெ மகன்' என்ற கவிதையில் வேறொரு குரலை எழுப்பினார். சஹ்யன் என்பது மேற்கு மலைத்தொடர். அதன் மகன் யானை. விழாக் கூட்டத்தின் நடுவே நிற்கும் மதங்கொண்ட யானையின் மனம் தன் காட்டில் உலாவுகிறது. அந்தக் கனவிலே அது கட்டுமீறுகிறது. முடிவில் துப்பாக்கிக் குண்டு அதை வீழ்த்துகிறது. யானையைப் பார்க்கும் கண்ணை விடுத்து, யானையின் கண்ணாற் பார்த்தார் கவிஞர்.

வைக்கம் முகம்மது பஷீரோ 1951இல் இந்த ஆனைப் பெருமையையே சிரிப்புக்குள்ளாக்கினார். 'எங்கள் உப்பப்பாவுக்கு ஒரு ஆனை இருந்தது' என்று பொருள்படும் நாவலில், நொடித்துப்போன குடும்பத்துத் தாய் தன் தந்தையின் யானையைச் சொல்லிச் சொல்லியே வாழ்கிறாள். கடைசியில் அது வெறும் குழியானை என்று பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் சின்னப் பூச்சி! தமிழிலும் அதற்குக் குழியானை என்றே பெயர்.

மலையாளிகளைக் குறை சொல்ல நமக்கு உரிமை உண்டா? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தில் வன்னியிற் பிடிபட்ட யானைகள் திறையாகச் செலுத்தப்பட்டன. யாழ்ப்பாணத்தில் இந்திய வணிகருக்கு விற்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டன. ஆனையிறவு என்ற பெயர் இன்றும் நம் வாயில் இருக்கிறது. அவர்கள் கட்டிவைத்து வணங்கினார்கள். இங்கே பிடித்து விற்றார்கள். இரண்டிலும் யானையின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை.

இப்போது அங்கே ஒரு மாற்றம் தென்படுகிறது. 2023 பெப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணர் கோயில், உயிருள்ள யானையை விடுத்து, இரும்பும் இறப்பரும் கொண்டு செய்த இயந்திர யானையின் மேல் திடம்பை ஏற்றியது. காதை ஆட்டும், தும்பிக்கையை உயர்த்தும் அந்த யானைக்கு மதம் பிடிக்காது, சங்கிலியும் வேண்டாம். சிலர் வரவேற்றார்கள். பொம்மையிலா தெய்வம் ஏறும் என்று கேட்டவர்களும் உண்டு.

எனக்குக் குருவாயூர்க் கதைதான் நினைவுக்கு வருகிறது. அக்கதையில் தெய்வத்தைத் தேடி யானைகள் தாமாக ஓடி வந்தன. கட்டறுத்து வந்தன என்றுதான் கதை சொல்கிறது. கட்டி இழுத்து வரப்பட்டன என்று சொல்லவில்லை. தெய்வத்தைச் சுமப்பது யானைக்குப் பெருமைதான் என்று நம்புகிறவர்கள் அந்த ஒரு சொல்லை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அம்மம்மா இப்போது இல்லை. பயத்தினால்தான் அவர் பெயர் சொல்ல மறுத்தார். ஆயினும், 'அது அதின்ரை பாட்டிலை போகட்டும்' என்று வண்டிலை நிறுத்தி வழிவிடுவார். வணங்குவதற்கு அதைவிட நல்ல முறை எனக்கு இன்னும் தெரியவில்லை.