கப்பன் என்னும் பெயர்

பெங்களூரில் குடியேறிய தமிழர் இல்லங்களில் கப்பன் பூங்காவை அறியாத சிறுவர் இலர். ஆயின் ‘கப்பன்’ என்பது எவ்வகைப் பெயர் என்று அவர்கள் வினவினால் பெற்றோர் விடை கூறத் தயங்குவர். கப்பம் வாங்கியவர் கப்பன் என்று வேடிக்கையாகச் சொல்லிவிடலாம்; மைசூர் நாட்டின் வரிவருவாய் அவர் கையில் இருந்ததால் அது பொருந்தவும் செய்யும்! உண்மை வேறு.

சர் மார்க் கப்பன் 1775-இல் மான் தீவில் பிறந்தவர். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள சிறு தீவு அது. ஆகவே நாம் ஆங்கிலப் பெயர் என்று கொள்ளும் இது பிறப்பால் ஆங்கிலமன்று. ஐரிஷ் மொழிக்கு உடன்பிறப்பான மாங்ஸ் மொழிக்கு உரியது. அம்மொழியில் ‘மாக்’ என்றால் மகன். ‘மாக் கிப்பன்’ என்பது கிப்பன் மகன் எனப் பொருள்படும். கிப்பன் என்பதோ கில்பர்ட் என்னும் பெயரின் செல்லக் குறுக்கம். பேச்சு வழக்கில் ‘மா’ தேய்ந்து ஒழிய, எஞ்சிய ககர ஒற்று அடுத்த பெயரின் தலையில் ஏறிக்கொண்டது என்பர் அத்தீவின் பெயராய்வாளர். ‘மாக் வில்லியம்’ குவில்லியம் ஆனதும், ‘மாக் டெர்மட்’ கெர்மோட் ஆனதும் இம்முறையிலேயே. புணர்ச்சி இலக்கணம் பயின்ற நமக்கு இது புதுமையன்று.

தந்தை பெயரை நாமும் முன்னெழுத்தாகத் தாங்குகிறோம். ஆனால் நம் முன்னெழுத்து தலைமுறைதோறும் மாறும். அங்கோ என்றோ வாழ்ந்த ஒரு கிப்பனின் பெயர் உறைந்து நின்றுவிட்டது. குடும்பப் பெயர் கேட்கும் கடவுச்சீட்டுப் படிவத்தின் முன் நம்மவர் திகைப்பது இதனாலேயே. அண்ணன் ஊர்ப் பெயரை எழுதுகிறான்; தம்பி தந்தை பெயரை எழுதுகிறான்; ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஏட்டில் இரு குடும்பத்தினர் ஆகிவிடுகின்றனர். எழுதுமுன் இருவரும் கலந்து பேசிக்கொள்வது நலம்.

1800-இல் இந்தியாவுக்கு வந்த கப்பன், 1834 முதல் 1861 வரை மைசூர் நாட்டின் ஆணையராக இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. தாயகம் திரும்பும் வழியில், 1861-இல், சூயஸில் காலமானார். உடல் மான் தீவில் அடக்கம் செய்யப்பெற்றது.

1870-இல் அமைந்த பூங்காவுக்கு முதலில் மீட் என்னும் அதிகாரியின் பெயரே இருந்தது. பின்னரே கப்பன் பெயர் வந்தது. 1927-இல் அது சாமராஜேந்திரர் பூங்கா ஆயிற்று. எனினும் மக்கள் நாவு கப்பனை விடவில்லை. மெட்ரோ ரயில் நிலையத்திலும் இன்று அப்பெயரே ஒலிக்கிறது.