ஏடு சொல்வதா, ஆள் சொல்வதா?

பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் கிடக்கும் விசிப்பலகையில் அண்மையில் ஒரு மூதாட்டி மூன்று முறை வந்து அமர்ந்தார். அவருடைய தங்கை மகனுக்கு நம் பங்கில் பெண் நிச்சயமாகி, ஓலை வாசிக்கும் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. மணமகனின் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றோம். அவன் பிறந்தது கடலோரச் சிற்றூரில். 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அவனைப் பெற்றவர்களையும் கொண்டுபோயிற்று. கோயிற் பதிவேடுகளையும் கொண்டுபோயிற்று. ஏடு இல்லையென அவ்வூர்ப் பங்கிலிருந்து கடிதம் வேண்டுமென்றோம். கடிதம் வந்தது. அதில் முத்திரை இல்லையென்றோம். முத்திரையும் வந்தது. மூன்றாம் முறை, "வேறு ஆதாரம் ஏதேனும் உண்டா, அம்மா?" என்று கேட்டோம்.

"நாந்தான் சாமி அவனுக்கு ஞானத்தாய். இந்தக் கையிலதான் ஏந்திக்கிட்டு நின்னேன். இதுக்கு மேல என்ன ஆதாரம் கொண்டாரட்டும்?"

கைகளை நீட்டியும் காட்டினார். நாமோ, "பார்த்துச் சொல்கிறோம், நாளை வாருங்கள்" என்று அனுப்பிவிட்டோம். அன்றிரவு உறக்கம் எளிதில் வரவில்லை.

குருமடத்தில் சமூகவியல் பயின்ற நாளில், மாக்ஸ் வேபர் என்னும் ஜெர்மானிய அறிஞரைப்பற்றிப் பேராசிரியர் விரிவாகச் சொல்லியிருந்தார். 1864இல் பிறந்து 1920இல் மறைந்தவர். அவர் மறைந்தபின் அவர் மனைவியார் வெளியிட்ட 'பொருளாதாரமும் சமுதாயமும்' என்னும் பெருநூலில், நவீன அலுவலகம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அவர் கூறுபோட்டுக் காட்டியிருக்கிறார். எழுதப்பட்ட விதிகள், மேல் கீழ் என்னும் படிநிலை, தேர்ச்சி நோக்கி நியமிக்கப்பெற்ற ஊழியர், அடுக்கி வைத்த கோப்புகள், வருபவர் எவராயினும் விருப்பு வெறுப்பின்றி நடத்துதல் ஆகியவை அதன் இலக்கணம். வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டுகளை அடுக்கும்போது, கத்தோலிக்கத் திருச்சபையையும் அவர் அப்பட்டியலில் சேர்த்திருக்கிறார். வகுப்பில் அதைக் கேட்டுச் சிரித்தோம். இன்று முத்திரைக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க முடியவில்லை.

வேபர் இதைப் பழித்தார் என்று எண்ணிவிடலாகாது. முதல் உலகப்போர் மூண்டபோது ஹைடல்பெர்க் வட்டாரத்துப் படை மருத்துவமனைகளை நிருவகித்தவர் அவர். ஒழுங்கின் அருமையை அறிந்தவர். அதற்கு முன்னிருந்த நிலை என்ன? பிரிட்டானியப் படையில் அதிகாரி பதவியைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் 1871இல்தான் ஒழிந்தது. விதி இல்லாத இடத்தில் உறவும் பணமும் விதியாகிவிடும் என்பதை நம் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

நம் திருமணப் பதிவேட்டின் கதையும் அத்தகையதே. மறைவாக ஒருத்தியை மணந்துகொண்டு, பின்னர் அதை மறுத்து, ஊரறிய வேறொருத்தியைக் கைப்பிடித்த ஆடவர் அக்காலத்தில் இருந்தனர். ஆகவே 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம், மணமக்கள் பெயரையும் சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் பங்குத்தந்தை ஏட்டில் எழுதிவைக்க வேண்டுமென விதித்தது. கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பேச ஒரு நா வேண்டுமென்றே அந்த ஏடு பிறந்தது எனலாம்.

ஆயின், வேபருக்கு ஓர் அச்சம் இருந்தது. எதையும் கணக்கிட்டு ஒழுங்குபடுத்தும் இம்முறை, ஒருநாள் எஃகுபோல் இறுகி மனிதனையே உள்ளே வைத்து அடைத்துவிடும் என்று அஞ்சினார். 1930இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதனை 'இரும்புக் கூண்டு' ஆக்கியது. அப்பெயரே உலகில் நிலைத்தது.

அக்கூண்டு எத்தகையது என்பதை நம் காலத்தில் பிரிட்டனின் அஞ்சல் துறை காட்டியிருக்கிறது. அங்கே கிளை அஞ்சலகங்களுள் பலவற்றை நடத்துபவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்ட சிறு கடைக்காரர்கள். 1999 முதல் அவர்களுடைய கணக்கெல்லாம் 'ஹொரைசன்' என்னும் கணினி முறைக்குள் வந்தது. மாலையில் பெட்டியில் உள்ள பணத்தை எண்ணினால் ஒரு தொகை. கணினி காட்டுவதோ வேறு தொகை. குறைந்த பணத்தை ஒப்பந்தப்படி அவர்களே ஈடுகட்ட வேண்டும். தொலைபேசியில் உதவி கேட்டவர்கள் பலருக்கு, "உங்களுக்கு மட்டுமே இக்குறை" என்று மறுமொழி கிடைத்தது. சேமிப்பை இழந்தோர், வீட்டை அடகு வைத்தோர் பலர். அஞ்சல் நிறுவனம் தானே வழக்குத் தொடுக்கவும் வல்லதாயிருந்தது. 2015க்குள் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பிடப்பட்டனர். 2010இல் கருவுற்றிருந்த ஒரு பெண்மணியும் சிறை சென்றார்.

நீதிமன்றம் ஏன் அவர்களை நம்பவில்லை? இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. 1984ஆம் ஆண்டின் சட்டப்படி, கணினியின் பதிவைச் சான்றாகக் கொள்வதற்கு அது சரிவர இயங்கியதென மெய்ப்பிக்க வேண்டும். 1999இல் இயற்றப்பட்ட சட்டம் அப்பிரிவை நீக்கியது. அதன்பின், கணினி சரியாகவே இயங்கியது என்ற ஊகத்திலிருந்து வழக்கு தொடங்கலாயிற்று. பிழையென்று காட்டும் பொறுப்பு, கணினியின் உள்ளே எட்டிப்பார்க்கவும் வழியற்ற கடைக்காரர் தலையில் விழுந்தது.

வேல்ஸ் நாட்டு லாண்டட்னோவில் அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர் பணம் கட்ட மறுத்து, 2003இல் பணியிழந்தார். தம்மைப்போல் துன்புற்றோரைத் தேடித் திரட்டினார். 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில், கணினி முறையில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகள் நீக்கப்பட்டன. 2024 மே மாதம் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி எஞ்சியோர் பலரை விடுவித்தது. அதற்குள் எத்தனையோ பேர் கண்மூடிவிட்டனர்.

இவ்வளவிலும் நம்மை உறுத்துவது ஒன்று. அந்நிறுவனத்தில் இருந்தோர் அனைவரும் கொடியவர் என்று நாம் நம்பவில்லை. தொலைபேசியை எடுத்தவர்களுள் பலர் தமக்குச் சொல்லப்பட்டபடியே பேசியிருப்பர். விதியை மீறாதவன் தவறு செய்யவில்லை என்னும் ஆறுதல் மிகவும் இனியது. நாமும் அம்மூதாட்டியிடம் முத்திரை கேட்டபோது அவ்வாறுதலில்தான் இருந்தோம்.

மறுநாள் விடியற்காலைத் திருப்பலிக்குப் பின், 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பை அலமாரியிலிருந்து எடுத்தோம். 876ஆம் சட்டம் கண்ணில் பட்டது. குருமடத்தில் மனப்பாடம் செய்து தேர்வெழுதிய சட்டந்தான்! யாருக்கும் பாதகம் நேராதபோது, திருமுழுக்கை மெய்ப்பிக்க ஐயத்துக்கு இடமற்ற ஒரே சாட்சியின் வாக்கு போதும் என்கிறது அது. கடிதமும் முத்திரையும் வேண்டுமென்று அதில் இல்லை. விதி இடங்கொடுத்திருந்தது, நாம்தான் அதைவிடக் குறுகிய வாயில் ஒன்றை வைத்துக் காவல் நின்றிருக்கிறோம்.

உபதேசியாரை அனுப்பி மூதாட்டியை அழைத்துவந்தோம். நற்செய்தி நூலின்மேல் கைவைத்து அவர் சொன்னார். ஊர், கோயில், திருமுழுக்கு அளித்த குரு, அன்று பெய்த மழை, குழந்தை அழாமல் உறங்கியது, யாவும் சொன்னார். மழையை ஏட்டில் எழுதுவதற்குக் கட்டம் இல்லை; மற்றவற்றை எழுதிக்கொண்டோம். அவருக்குக் கையொப்பமிடத் தெரியாது; பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்தார். விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, மெல்லிய குரலில் கேட்டார்:

"இனி எப்ப வரணும், சாமி?"