குதிரைப் பந்தயமும் பந்தயப் பொருளும்

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்ததும் சோளக்காடு வருகிறது. பலாவும் அன்னாசியும் மிளகும் குவியும் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள செம்மேட்டில் ஆடிப் பதினெட்டையொட்டி ஆண்டுதோறும் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கப்படுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி வில்லுக்குப் பெயர் போனவன் ஆதலால் விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அவன் குதிரைக்கும் பெயர் பெற்றவன் என்பதை அவ்விழாவுக்கு வருவோரில் எத்தனை பேர் நினைக்கின்றனரோ, அறியேன். அவனுடைய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனை வென்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை இச்செய்தியைத் தருகிறது. வீரனுக்கும் அவனைச் சுமந்த விலங்குக்கும் ஒரே பெயர் வழங்கிய காலம் அது.

அவ்விழா நாளொன்றில் சோளக்காட்டில் மிளகு வணிகம் செய்யும் என் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவருடைய மகன் கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் மருத்துவம் பயில்கிறான். கோடை விடுமுறைக்கு வந்திருந்தான். இரவு உணவுக்குப் பின் சற்றுத் தயங்கி அமர்ந்தான். “ஹஜ்ரத், அங்கே குதிரைப் பந்தயம் பார்க்கப் போனேன். போகலாமா, கூடாதா?” என்று கேட்டான். தந்தை முந்திக்கொண்டு, “பந்தயம் என்றாலே சூதுதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது?” என்றார். மார்க்கம் கற்றவர்களிடமும் பரவலாகக் காணப்படும் இவ்விடையைச் சற்று ஆராய வேண்டியுள்ளது. தமிழில் ‘பந்தயம்’ என்ற ஒரே சொல் ஓட்டத்தையும் குறிக்கிறது, ஓட்டத்தின் மீது வைக்கும் பணத்தையும் குறிக்கிறது. குழப்பத்தின் பாதி இங்கேயே பிறக்கிறது. அரபியில் ஓட்டப்போட்டி ‘ஸப்க்’. அதற்கென வைக்கப்படும் பொருள் ‘ஸபக்’ என்னும் சிறு மாறுதலோடு ஒலிக்கும் வேறு சொல். ஃபிக்ஹு நூலார் இவ்விரண்டையும் கலக்கவே இல்லை.

மாணவன் கண்டது நவ்ரூஸ் திருநாளை ஒட்டி, பிஷ்கெக்கிற்கு வெளியே ஓர் ஊரில் நடந்த ‘அத் சபிஷ்’ எனும் நெடுந்தூரக் குதிரை ஓட்டம். கிர்கிஸ் மக்கள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் முஸ்லிம்கள். நாடோடி வாழ்வு கைவிட்டுப் போன பின்னும் குதிரையைக் கைவிடாதவர்கள். அவர்களுடைய பெருங்காப்பியத்தின் தலைவன் மனாஸ்; அவன் குதிரை அக்-குலா. பிஷ்கெக் நகரின் பந்தயத்திடலுக்கு இன்றும் அக்குதிரையின் பெயரே வழங்குகிறது. கொல்லிமலைப் பையன் இதைச் சொன்னபோது எனக்கு ஓரியின் நினைவு வந்தது. அண்ணலாரின் குதிரைகளுக்கும் ஸக்ப், லுஹைஃப், முர்தஜிஸ் எனத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன என்பதை அவனுக்குச் சொன்னேன். நவ்ரூஸைப் புனித நாளாகப் போற்றுவது பற்றி ஹனஃபி அறிஞர்கள் கடுமையாக எழுதியுள்ளனர். ஆனால் அந்நாளில் நடக்கும் ஓட்டத்தைக் காண்பது வேறு, நாளைப் போற்றுவது வேறு. அதை அத்துடன் விடுகிறேன்.

இனி மூலத்திற்கு வருவோம். மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். இப்னு உமர் (ரலி) வாயிலாக இமாம் புகாரி பதிவு செய்துள்ள இச்செய்தியின் நுணுக்கம் வியப்புக்குரியது. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யதுல் வதா வரை ஓட்டம்; தொலைவு ஐந்து அல்லது ஆறு மைல் என ஸுஃப்யான் கூறுகிறார். பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யதுல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் மட்டுமே. ‘தள்மீர்’ எனப்படும் பயிற்சி என்னவென்றால், குதிரையை முதலில் நன்கு தீனியிட்டுக் கொழுக்க வைத்து, பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, லாயத்தில் போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து, சதை இறுகி மூச்சு நீளுமாறு பழக்குவதாகும். பழக்கப்படாத விலங்கை ஆறு மைல் ஓட்டுவது கொடுமை. எனவே அதற்கு ஒரு மைல். விலங்கின் ஆற்றலை அளந்து தொலைவு வகுக்கப்பட்டது. ஓட்டத்தில் கலந்துகொண்டவருள் இப்னு உமரும் ஒருவர். அவருடைய குதிரை அவரையும் சுமந்து பள்ளிவாசல் சுவரைத் தாண்டிவிட்டதாக இன்னோர் அறிவிப்பு உண்டு.

போட்டியின்போது குதிரைக்குப் பின்னே ஆளை ஓடவிட்டுக் கூச்சலிட்டு விரட்டுவதும் (ஜலப்), களைத்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு குதிரையைப் பக்கத்திலேயே ஓட்டி வருவதும் (ஜனப்) தடுக்கப்பட்டன. இவையெல்லாம் சிறு விதிகளாகத் தோன்றலாம். ஆனால் குதிரையை அறியாதவர் கையில் அது என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உள்ளது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கீஷ் தீவிலிருந்தும் பிற பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்தும் காயல் உள்ளிட்ட மஅபர் துறைகளுக்குக் குதிரைகள் ஆண்டுதோறும் கப்பலேறி வந்தன. மஅபருக்கும் கம்பாயத்துக்கும் பிற துறைகளுக்குமாக ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் என்றும், ஒன்றின் விலை 220 தீனார் என்றும் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பாண்டியர் இவ்வளவு பொன் கொட்டி வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிப்பறியாமல் மடிந்ததை அவ்வேளையில் இங்கு வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார். இலாபம் குறையும் என அஞ்சி, குதிரை வைத்தியர் இந்நாட்டுக்கு வருவதை வணிகர்களே தடுத்தனர் என்றும் அவர் சொல்கிறார். அவ்வணிகருள் நம்மவர் பலர் என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்து, பரிசுப் பொருள். ஒட்டகம், அம்பு, குதிரை ஆகிய மூன்றிலன்றிப் போட்டிப் பொருள் வைத்தல் இல்லை என்ற கருத்துடைய நபிமொழியை அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகியோர் பதிவு செய்துள்ளனர். ஷாஃபிஈ மத்ஹபினர் போர்ப் பயிற்சிக்கு உதவுபவற்றை இவற்றோடு சேர்ப்பர். ஹனஃபிகள் கால்நடை ஓட்டத்தையும் சேர்ப்பர். பரிசை ஆட்சியாளரோ போட்டியில் சேராத ஒருவரோ அளித்தால் தடையில்லை. போட்டியாளர் இருவருள் ஒருவர் மட்டும், “நீ வென்றால் நான் தருகிறேன், நான் வென்றால் உன்னிடம் எதுவும் வேண்டாம்” என்றாலும் ஆகும். இருவரும் பொருள் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுப்பது என்றால் அது சூது. பொருள் வைக்காத மூன்றாமவர் ஒருவர் வெல்லத்தக்க குதிரையுடன் நடுவே சேர்ந்தால் அது சூதாகாது என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. அம்மூன்றாமவருக்கு ‘முஹல்லில்’ என்று பெயர். இதற்கு ஆதாரமான அறிவிப்பு பலவீனமானது, முஹல்லில் தேவையே இல்லை என்று இப்னுல் கய்யிம் தம் அல்ஃபுரூஸிய்யாவில் நீண்ட வாதம் புரிகிறார். அவ்வாதம் வலுவானதே எனினும் நான் பெரும்பான்மையோடு நிற்கிறேன்.

இம்மூன்று வடிவங்களிலும் பொருள் பெறுபவன் குதிரையேறி ஓடுபவன் அல்லது குதிரைக்கு உடையவன் என்பது கவனிக்கத்தக்கது. மேடையில் அமர்ந்து பிறன் குதிரை மீது பணம் கட்டுபவன் எதிலும் இல்லை. தமிழக அரசு குதிரைப் பந்தயங்களை ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றியதும், 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று கொண்டு, அதன் மீது பணம் கட்டுவதைச் சூதாட்டச் சட்டங்களின் வரம்புக்கு வெளியே நிறுத்தியதும் வாசகர் அறிந்தவை. குதிரையின் வமிசம், எடை, முந்தைய ஓட்டங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து கட்டுவதால் அது அறிவு சார்ந்த செயல் என்பது அதன் அடிப்படை. நாட்டுச் சட்டத்தின் பார்வை அது. ஃபிக்ஹின் பார்வையில், திறமை ஓடியவனுடையது; கட்டியவனுடைய ஊகம் எவ்வளவு கூர்மையானதாயினும் அவன் பெறுவது தோற்றவனின் பொருளே. முஸ்னத் அஹ்மதில் இடம்பெறும் ஓர் அறிவிப்பு குதிரைகளை மூவகையாக்கி, சூதுக்குப் பயன்படுவதை ஷைத்தானின் குதிரை என்கிறது. குதிரை என்ன செய்யும்? மூன்று வகையிலும் அது ஒரே குதிரைதான்.

காண்பது பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) காணுமாறு அண்ணலார் நின்று கொடுத்தார்கள். மாணவன் கோக்-போரு எனும் ஆட்டத்தையும் சொன்னான்: இரு அணியினர் குதிரை மீதிருந்து ஆட்டின் உடலைப் பறித்துச் சென்று எல்லையில் எறிவது. 2017இல் யுனெஸ்கோ இதை மரபுப் பட்டியலில் சேர்த்தது. இக்காலத்தில் பொம்மை ஆட்டைக் கொண்டும் ஆடுகின்றனர். நல்லது, உணவை வீணாக்கும் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

எனக்கு உறுத்தியது வேறொன்று. ஓட்டத்தில் ஏறியிருந்தவருள் பலர் சிறுவர்கள் என்றான். ஒருவன் பாதியில் விழுந்துவிட, குதிரை மட்டும் ஆளின்றி ஓடி எல்லையைக் கடந்ததாம். கூட்டம் அதற்கும் கைதட்டியதாம். எடை குறைவு என்பதால் நடு ஆசியப் புல்வெளிகளிலும் மங்கோலியாவின் நாதம் விழாவிலும் சிறுவரை ஏற்றுவது பழைய மரபு. அங்கேனும் பெற்றோரின் கண் முன்னே, பிறந்தது முதல் குதிரையோடு வளர்ந்த பிள்ளைகள். வளைகுடாவின் ஒட்டகப் பந்தயங்களில் நடந்தது அதனினும் கொடிது. பாகிஸ்தான், வங்கதேசம், சூடான், மௌரித்தானியா நாடுகளின் ஏழைச் சிறுவர்கள் பல்லாண்டு ஒட்டகத்தின் முதுகில் கட்டப்பட்டனர். 2005இல் ஐக்கிய அரபு அமீரகமும் கத்தாரும் இதைத் தடைசெய்து, சிறுவருக்குப் பதிலாக எந்திர மனிதனை ஏற்றின. யுனிசெஃப் துணையுடன் அமீரகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாயகம் அனுப்பியது. பரிசு ஹலாலா என்று நுணுகிய நம் அறிஞருள் ஏறியவன் யார் என்று கேட்டவர் சிலரே என்பதை வருத்தத்துடன் எழுத வேண்டியுள்ளது.

கேட்பதற்கு நமக்கு ஆதாரம் இல்லையா? மதீனாவின் பந்தயத்தில் ஓடிய அதே இப்னு உமர், உஹுதுப் போருக்குத் தம்மை ஒப்படைத்தபோது பதினான்கு வயது. அண்ணலார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அகழ்ப்போரின்போது பதினைந்து, ஏற்றுக்கொண்டார்கள். குதிரைக்குத் தொலைவை அளந்தவர்கள் மனிதனுக்கு வயதை அளந்தார்கள். பருவமடையாதவன் உயிரைப் பணயமாக வைக்கும் உரிமை அவனுக்கும் இல்லை, அவன் தந்தைக்கும் இல்லை. ஆகவே மாணவனுக்கு நான் சொன்னது: பரிசு எங்கிருந்து வருகிறது என்று பார், குதிரை மீது யார் இருக்கிறான் என்றும் பார். இரண்டும் சரியானால் நின்று பார். இல்லையேல் எழுந்து வா.

அவன் எழவில்லை. தந்தை உள்ளே சென்ற பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது. உடன் பயிலும் மூவரோடு அவனும் ஆளுக்குக் கொஞ்சம் சோம் போட்டு, அவன் சொன்ன குதிரை வென்று, நால்வர் பணமும் அவன் கைக்கு வந்திருக்கிறது. அதில் தாய்க்கு ஒரு ஷிர்தக் விரிப்பு வாங்கி வந்திருக்கிறான். செம்மறி மயிரை அழுத்திச் செய்த, சிவப்பும் பழுப்புமான அழகிய விரிப்பு. நாங்கள் அமர்ந்திருந்தது அதன் மீதுதான்.

சூதில் வந்த பொருள் தோற்றவரின் உடைமையாகவே நிற்கிறது. உரியவர் தெரிந்தால் திருப்பித் தர வேண்டும், தெரியாவிடில் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கழிக்க வேண்டும். இங்கே உரியவர் மூவரும் தெரிந்தவர்கள். விரிப்பைத் திருப்ப வேண்டியதில்லை, மூவரின் பங்குத் தொகையைத் தந்தால் போதும் என்றேன். மறுநாள் காலையே அனுப்பிவிட்டான். இருவர் பெற்றுக்கொண்டனர்; மூன்றாமவன், “விளையாட்டுக்குப் போட்டதுதானே, வைத்துக்கொள்” என்று மறுத்துவிட்டானாம். என்ன செய்வது என்று செம்மேடு செல்லும் பேருந்துக்குக் காத்திருந்த என்னிடம் ஓடி வந்து கேட்டான். முதலில் அவன் கையில் சேரட்டும் தம்பி, அதன் பிறகு அவனாக விரும்பி உனக்குத் தந்தால் அது அன்பளிப்பு, அதற்குச் சூதின் பெயர் இல்லை என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.