காதால் படிப்பவருக்கும் ஒரு கடிதம்

தோட்டத்து ஆபீஸ் அறிவிப்பு, பள்ளிக்கூடக் கடிதம், சம்பளச் சீட்டு, கோயில் திருவிழா அழைப்பிதழ் என எத்தனையோ இப்பொழுது கைப்பேசி வழியாகவே நம் வீட்டுக்கு வந்து சேர்கின்றன. கண் தெரிந்தவர்கள் திறந்து படித்துக்கொள்கிறோம். கண்பார்வை இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அவர்களும் படிக்கிறார்கள், காதால் படிக்கிறார்கள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற வசதி இன்றைய கைப்பேசிகளிலேயே இருக்கிறது. ஆண்டிராய்டு கைப்பேசியில் அதற்கு 'டாக்பேக்' என்றும், ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்றும் பெயர். கணினிக்கு 'என்விடிஏ' என்ற இலவசச் செயலி உண்டு. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்பவர் 2006ஆம் ஆண்டு அதைத் தொடங்கினார். பிறகு ஜேம்ஸ் தே அவருடன் சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள்.

நம் குடும்பங்களில் நீரிழிவு நோயால் பார்வை மங்கிப்போன பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் மருத்துவமனைக் கடிதத்தையும் சேமநிதிக் கணக்கையும் அடுத்தவர் படித்துச் சொன்னால்தான் உண்டு என்றால், தம் சொந்தக் காரியம் அவர்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், தகவல் பெறும் வசதியையும் அவர்களுக்கு உரியதாகவே சொல்கிறது. ஆனால் கடிதத்தைத் தயாரிப்பவர் கவனம் வைத்தால்தான் அந்த உரிமை வீடு வரை வந்து சேரும். இன்று சங்கத்துக்கும் கோயிலுக்கும் கணினியில் தட்டச்சு செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள்தாம். ஆகவே, தயாரித்த ஆவணத்தைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதை அவர்களை மனத்தில் வைத்தே சொல்கிறோம்.

முதற்சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். வந்த ஆவணத்தில் ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். அந்தச் சொல் மட்டும் தனியாக நிறம் மாறினால் அது பெரும்பாலும் எழுத்து. மாறவில்லையென்றால், பெரும்பாலும் அது காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பியதுதான். படத்திலுள்ள எழுத்தைக் கண்டறிய முயலும் செயலிகள் உண்டு என்றாலும், அவை தவறாகப் படிப்பதும் உண்டு. முத்திரை குத்திய தாளைப் படமெடுத்து அனுப்பினால்தான் மதிப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். படத்தை அனுப்பட்டும், கூடவே எழுத்தாகவும் ஒன்று அனுப்பலாமே!

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு செயலியை உருவாக்கிய காலம் தொட்டுத் தமிழ் கணினியில் ஏறிவிட்டது. ஆனால் யூனிகோடு என்ற பொது முறை பரவும்வரை, பல எழுத்துருக்கள் ஆளுக்கொரு முறையில் எழுத்துகளை அடுக்கி வைத்திருந்தன. அப்படிப்பட்ட பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் கண்ணுக்கு நல்ல தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானோ அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் உளறும். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் தமிழாகவே நின்றால் கவலையில்லை.

அதிகமாகக் கெட்டுப்போவது அட்டவணைதான். சம்பளச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். வேலை நாள், கூடுதல் நேரம், சேமநிதிப் பிடித்தம், சொக்சோ பிடித்தம், கையில் கிடைப்பது என்று மேலே தலைப்புகள், கீழே எண்கள். கண் மேலும் கீழும் ஓடி இரண்டையும் பொருத்திக்கொள்கிறது. காதுக்கு அப்படி ஓட வழியில்லை. தலைப்பு வரிசை இதுதான் என்று ஆவணத்தில் குறித்து வைக்காவிட்டால், ஐந்து தலைப்புகளைச் சேர்ந்தாற்போல் சொல்லிவிட்டு, பிறகு எண்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகும். எது சம்பளம், எது பிடித்தம்? கேட்பவர் எண்ணி எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அட்டவணையே போடாமல் இடைவெளி விட்டு விட்டு அடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதனால் செயலியில் உள்ள அட்டவணை வசதியைக் கொண்டே கட்டம் போட வேண்டும்; முதல் வரிசையைத் தலைப்பு வரிசை என்று குறிக்க வேண்டும்; இரண்டு மூன்று கட்டங்களை ஒன்றாக இணைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

வண்ணத்தையும் பாருங்கள். "சிவப்பில் உள்ளவர்கள் சனிக்கிழமை வரவும்" என்றால், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு அது அறிவிப்பே அல்ல. பெயருக்குப் பக்கத்தில் 'சனிக்கிழமை' என்றே எழுதிவிடலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட அளவுகோல். மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து போடும் அழைப்பிதழ்கள் இதில் தேறமாட்டா.

மைக்ரோசாப்ட் வேர்டில் இவற்றைச் சோதிக்கும் கருவி ஒன்று உள்ளேயே இருக்கிறது. அதை ஓட்டிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் படத்துக்கு விளக்கம் எழுதியிருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். எழுதிய விளக்கம் சரியா என்பது அதற்குத் தெரியாது. மருத்துவ முகாமுக்கு வழிகாட்டும் படத்துக்கு 'படம் 1' என்று எழுதி வைத்தாலும் அது பேசாமல் விட்டுவிடக்கூடும். எங்கள் எண்ணத்தில், காதால் கேட்பதற்கு ஈடான சோதனை வேறில்லை.

கைப்பேசி அமைப்பில் அணுகல்தன்மை என்ற பகுதியில் டாக்பேக்கை இயக்குங்கள். இயக்கியபின் ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். பழக்கமில்லாதவர்கள் பதறிப்போவார்கள், அணைக்கும் வழியை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் குரலையும் தேர்ந்தெடுங்கள். பிறகு திரையைக் கவிழ்த்துப் பிடித்து, விரலை வலப்பக்கம் தள்ளித் தள்ளிக் கேளுங்கள்.

அதன் பிறகு, திரைவாசிப்பான் பழகிய ஒருவரிடம் அதே ஆவணத்தை அனுப்புங்கள். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்கு "இருக்கிறது" என்பார். "இந்த மாதம் எத்தனை நாள் வேலை, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு?" என்று கேளுங்கள். யாரையும் கேட்காமல் அவரே பதில் சொல்லிவிட்டால் சீட்டு தேறியது. தடுமாறினால், எந்தக் கட்டத்தில் தடுமாறினார் என்று கேட்டு, அந்தக் கட்டத்தைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள்.