பூட்டிய செயலியும் குறைந்த வோல்ட்டும்

பங்குனி வெயிலில், உளுந்தூர்பேட்டைப் பள்ளி ஒன்றின் கணிப்பொறி அறையில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் விசிறி இரைகிறது. செயலியின் சூட்டைத் தணிக்கத்தான் இந்தப் பாடு.

செயலியின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 36ஆல் பெருக்கினால் 3,600 மெகாஹெர்ட்ஸ். பல செயலிகளில் அந்தப் பெருக்கெண்ணைத் தயாரிப்பாளரே பூட்டிவிடுகிறார். வேகத்தை ஏற்றுவது கடினம். ஆனால் சூட்டைக் குறைக்கலாம் அல்லவா?

செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறனின் பெரும்பகுதி, மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தால் 0.9 × 0.9 = 0.81. வேகம் மாறாது, அந்தப் பகுதியில் 19 சதவீதம் மிச்சம்!

அளவுக்கு மீறிக் குறைத்தால் என்ன ஆகும்? டிரான்சிஸ்டர்கள் மந்தமாகும், அடுத்த துடிப்புக்குள் வேலை முடியாது, விடை பிழையாகும். இப்பிழையை வேண்டுமென்றே உண்டாக்கி, இன்டெல் செயலியின் பாதுகாப்பான பகுதியிலிருந்தே ரகசியச் சாவிகளை எடுக்க முடியும் என்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினரும் பிற ஆய்வாளர்களும் 2019 டிசம்பரில் காட்டினார்கள். அழுத்தத்தையும் பூட்டுவதற்கான திருத்தத்தை இன்டெல் வெளியிட்டது.

ஆகவே பள்ளிக் கணிப்பொறியில் ஆசிரியரைக் கேளாமல் கை வைக்காதீர்கள். காகிதத்தில் தடையில்லை: 20 சதவீதம் குறைத்தால் மிச்சம் எவ்வளவு? கணக்கிட்டுப் பாருங்கள்!