உங்களுக்குத் தெரியுமா? டீசல் ஃபில்டருக்கு அடியில் ஒரு திருகு

★ டீசல் ஃபில்டர் தூசியைப் பிடிப்பதற்கு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தண்ணீரைப் பிரித்து வைப்பதும் அதன் வேலை. தண்ணீரைவிட டீசல் இலேசானது. அதனால் கலந்து வந்த தண்ணீர் ஃபில்டரின் அடியில் போய்த் தங்கிவிடும். அதை வெளியேற்றத்தான் பல வண்டிகளில் ஃபில்டருக்குக் கீழே சின்னத் திருகு ஒன்று வைத்திருக்கிறார்கள். என்ஜின் ஆறிய பிறகு அதைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால், கீழே தண்ணீர், மேலே டீசல் என்று கோடு போட்டது போலத் தெரியும். பொள்ளாச்சியில் இளநீர் ஏற்றுகிறவரும், மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கு கொண்டுவருகிறவரும் காலையில் டயரைத் தட்டிப் பார்க்கத் தவறுவதில்லை. இந்தத் திருகின் பக்கம் கை போவதுதான் அபூர்வம்!

★ சரி, டேங்குக்குள் தண்ணீர் எப்படி வருகிறது? பங்க்காரரைத் திட்டுவதற்கு முன்னால் நம் டேங்கையே பார்க்கலாம். அரை டேங்க் டீசலோடு வண்டி இரவில் நின்றால், மீதி இடத்தில் ஈரக்காற்று இருக்கும். குளிர்ந்ததும் அந்த ஈரம் டேங்கின் சுவரில் துளித்துளியாகப் படிந்து டீசலுக்குள் இறங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் சாயங்காலமே டேங்கை நிரப்பிவிடுவது நல்லது.

★ பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, அளவுக் கம்பியின் நுனியில் ஒரு பசையைத் தடவி உள்ளே விடுவார்கள். தண்ணீர் பட்ட உயரம்வரை பசையின் நிறம் மாறிவிடும்.

★ டேஷ்போர்டில் எரியும் ஃபில்டர் விளக்குக்குப் பின்னால் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஃபில்டரின் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். டீசல் மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீர் கடத்தும். தண்ணீர் அந்த முனைகளைத் தொட்டதும் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். புது ஃபில்டர் மாட்டும்போது பல வண்டிகளில் பழையதிலிருந்து இந்த சென்சரைக் கழற்றிப் புதியதில் பொருத்த வேண்டும். மறந்தால் அது பழைய ஃபில்டரோடு குப்பைக்குப் போய்விடும். டேஷ்போர்டு என்றதும் இன்னொன்று: வண்டி மீட்டர்களுக்குப் பெயர்பெற்ற பிரிக்கால், நம் பெரியநாயக்கன்பாளையத்து நிறுவனம் என்பது கோவைக்காரர்களிலேயே பலருக்குப் புதுச்செய்தி.

★ 2005இல் டாடா ஏஸ், அதாவது நம் ஊர் ‘குட்டி யானை’, வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் கொண்ட எளிய டீசல் என்ஜின். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் ‘தோஸ்த்’ வந்தது காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும்) என்ஜினோடு. இந்த வகை என்ஜின்களில் டீசலின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால், இன்ஜெக்டருக்குள் நகரும் பாகங்களுக்கு இடையே இருக்கும் இடைவெளி வெறும் சில மைக்ரான். கண்ணுக்கே தெரியாத மண்துகள் அங்கே அரம் போல வேலை செய்யும். பழைய லாரிகளில் துணி ஒன்று, காகிதம் ஒன்று என்று இரட்டை ஃபில்டர் வைத்துச் சமாளித்தார்கள். அந்தக் கால மெக்கானிக்கின் தாராள மனதைக் காமன் ரெயில் தாங்காது.

★ புது ஃபில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பெரும்பாலான ஃபில்டர்களில் டீசல் வெளிப்பக்கமிருந்து காகிதத்தைக் கடந்து நடுவுக்கு வரும். நடு ஓட்டையில் கேனிலிருந்து ஊற்றினால், வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போகிறது. புது ஃபில்டர் போட்ட பலனே போச்சு!

★ புது ஃபில்டர் மாட்டியதும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்தால், உள்ளே ஏர் பிடித்திருக்கும். கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்த வேண்டும். சில வண்டிகளில் சாவியைப் போட்டுச் சற்றுக் காத்திருந்தால் மின்பம்பே ஏரை வெளியேற்றிவிடும். பழைய என்ஜினில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்போம். அதையே காமன் ரெயிலில், என்ஜின் ஓடும்போது செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே பார்த்தால் ஊசி குத்திய புள்ளி மாதிரிதான் இருக்கும், முதலில் வலியும் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கி, விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் இது.

★ 1960இல் கோவையில் தொடங்கிய எல்ஜி நிறுவனம், ஆரம்பத்திலிருந்தே காற்றுக் கம்பிரசரும் பட்டறைச் சாதனங்களும் செய்தது. கம்பிரசர் பக்கத்தில் இருந்தால் எதையும் ஊதிப் பார்க்கத் தோன்றும். ஏர் ஃபில்டரை மெதுவாக ஊதித் தட்டி ஓட்டுபவர்கள் உண்டு. டீசல் ஃபில்டரை ஊதவே கூடாது. காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும்; சிக்கிய தூசி சுத்தமான பக்கத்துக்குத் தள்ளப்படும். சில நூறு ரூபாய் ஃபில்டரை மிச்சம் பிடித்து, பல ஆயிரம் ரூபாய் இன்ஜெக்டரைப் பணயம் வைப்பது என்ன கணக்கோ!

★ பாஷ் நிறுவனம் டீசல் பம்புகளைத் தொழிற்சாலை அளவில் செய்யத் தொடங்கியது 1927இல். அதன் இந்தியக் கம்பெனி 1951இல் பிறந்தது, பெயர் மைகோ. 2008இல் பாஷ் என்று பெயர் மாறியும், பழைய மெக்கானிக்குகளின் வாயில் இன்னும் ‘மைகோ பம்ப்’தான்.

★ தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். கழற்றிய ஃபில்டரில் வழவழப்பாகக் கறுப்புப் படலம் இருந்தால், ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாது. டேங்கையும் கழுவ வேண்டும்.

★ பங்க்கில் கலப்படச் சந்தேகம் வந்தால் வடிதாள் சோதனை கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒரு சொட்டு விட்டால் கறையில்லாமல் ஆவியாக வேண்டும். ஆனால் அது பெட்ரோலுக்கான சோதனை. டீசல் சுத்தமாக இருந்தாலும் தாளில் எண்ணெய்க் கறை விடும். டீசல் போடுகிறவர் கேட்க வேண்டியது அடர்த்திச் சோதனை.