சைரன் கேட்கும் சந்தியில்
1990 இலக்கத்தை அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய அம்புலன்ஸ் பறந்துவர வேண்டும் என்றே எல்லோரும் விரும்புகிறோம். கணக்குப் பாருங்கள்: 5 கிலோமீற்றர் தூரத்தை மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க 5 நிமிடம். 80இல் ஓடினால் மிச்சமாவது 75 செக்கன்தான். வழியில் மோதிவிட்டாலோ, நோயாளிக்கு இன்னொரு அம்புலன்ஸ் தேட வேண்டும்.

கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாட்டுப் போட்டிருப்பவருக்குச் சைரன் பிந்தியே கேட்கும். அதனால் நல்ல சாரதி சிவப்பு விளக்குச் சந்தியில் வேகத்தைக் குறைத்து, எல்லாப் பக்கமும் வாகனங்கள் நிற்கின்றனவா என்று பார்த்தே கடப்பார். உள்ளே ஒருவர் நின்றபடி ஊசி ஏற்றிக்கொண்டிருக்கலாம். திடீரென பிரேக் போட்டால் அவரும் விழுவார்.

அம்புலன்ஸுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓடும் ஓட்டோக்காரர்களை என்ன சொல்ல! வாப்பா வாகனம் ஓட்டும்போது சைரன் கேட்டால் உடனே சொல்லுங்கள். இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தட்டும்.